ரஷ்யர் கேட்கும் கேள்வியை ஆங்கிலத்தில் எப்படிக் கேட்பது?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை வாசித்தேன். கொள்ளுப்பிட்டியில் ஒரு ஹோட்டல் வரவேற்பில் வேலை. ஒன்றரை வருடம் ரஷ்ய மொழி படித்திருக்கிறீர்கள். விருந்தினர் ரஷ்ய மொழியில் கேட்பதை மனேஜருக்கும் டிரைவர்மாருக்கும் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், அவர்கள் ஆங்கிலத்தில் கேட்பதைத் திரும்ப ரஷ்ய மொழியில் கேட்க வேண்டும். சொற்கள் தெரியும், ஆனால் வாயிலிருந்து வரும் கேள்வி இரண்டு பக்கமும் ஒட்டவில்லை என்கிறீர்கள்.

மூன்று சம்பவங்கள் எழுதியிருந்தீர்கள். காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று ஒருவர் கேட்டதை நீங்கள் மொழிபெயர்த்ததும், அவர் கோபமாக இருக்கிறார் என்று மனேஜர் நினைத்தது முதலாவது. 'ஹவ் ஆர் யூ டுடே?' என்பதை ரஷ்ய மொழியில் கேட்டதும் ஒரு அம்மா திகைத்துப் பார்த்தது இரண்டாவது. வேலை முடிந்து பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டபோது அதே அம்மா 'தலெகோ ஸப்ராலிஸ்?' என்று கேட்க, என்ன கேட்கிறார் என்று விளங்காமல் நின்றது மூன்றாவது. மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் இடையில் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும்.

நான் 1987 இல் மாஸ்கோவுக்குப் படிக்கப் போனவன். முதல் வருடம் முழுக்க மொழி வகுப்பு மட்டும்தான், அதற்குப் பிறகுதான் பாடம். திரும்பி வந்து தேயிலை வியாபாரிகளுக்கு மொழிபெயர்க்கத் தொடங்கினேன், இன்றுவரை அதைத்தான் செய்கிறேன். இத்தனை வருடத்தில் நான் கண்டுகொண்ட ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரஷ்ய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கோ, ஆங்கிலத்திலிருந்து ரஷ்ய மொழிக்கோ ஒரு கேள்வி போகும்போது, நடுவில் அதைத் தமிழில் ஒரு தடவை மனதுக்குள் கேட்டுப் பாருங்கள். 'இதே இடத்தில் எங்கள் வீட்டு ஆட்கள் எப்படிக் கேட்பார்கள்?' என்று யோசியுங்கள். கேள்வி கேட்கும் விதத்தில் தமிழ் பல இடங்களில் ஆங்கிலத்தைவிட ரஷ்ய மொழிக்குப் பக்கத்தில் நிற்கிறது. அந்த வசதி உங்களுக்கு இருக்கிறது, நீங்கள் அதைப் பாவிக்கவில்லை.

இதை நான் படித்துக்கொண்டது ஒரு தேயிலை ருசி பார்க்கும் அறையில். நீளமான மேசை, வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் பின்னால் அந்தந்தத் தேயிலை. ருசி பார்ப்பவர் கரண்டியில் அள்ளிச் சத்தமாக உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, பக்கத்தில் உள்ள பாத்திரத்தில் துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்குப் போவார். அன்றைக்கு மாஸ்கோவிலிருந்து வந்தவர் ஒரு கிண்ணத்தில் நின்றார். இன்னொரு தடவை உறிஞ்சினார். பிறகு கொழும்புத் தரகரைத் திரும்பிப் பார்த்து 'நு காக்?' என்றார். 'நு' என்றால் 'ம்', 'சரி' மாதிரி. 'காக்' என்றால் 'எப்படி'. நான் 'வெல், ஹவ்?' என்று சொன்னேன். தரகர் நான் வசனத்தை முடிப்பேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ரஷ்யரோ பதில் வரவில்லையே என்று என்னைப் பார்த்தார்.

வீட்டில் அம்மா குழம்பை உள்ளங்கையில் விட்டுத் தந்து, நக்கிப் பார்த்ததும் என்ன கேட்பார்? 'எப்படி?' அவ்வளவுதான். அந்த ரஷ்யர் கேட்டதும் அதேதான். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் வெறும் 'ஹவ்' என்று மட்டும் கேட்க மாட்டார்கள். 'ஸோ, வட் டு யூ திங்க்?' என்றுதான் கேட்பார்கள். குழம்பு ஞாபகம் வந்திருந்தால் எனக்கு அது அப்போதே வந்திருக்கும். நான் சொல்லைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை.

இந்த 'காக்' என்ற சொல் ரஷ்யரையே ஆங்கிலத்தில் கவிழ்த்துவிடும். 'காக் வி தூமயெதெ?' என்றால் 'நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?' ரஷ்ய மொழியில் இருப்பதோ 'எப்படி நினைக்கிறீர்கள்?' அதனால் உங்கள் விருந்தினர் ஆங்கிலம் பேச முயன்றால் 'ஹவ் டு யூ திங்க்?' என்று கேட்பார். மூளை எப்படி வேலை செய்கிறது என்று அவர் கேட்கவில்லை, உங்கள் அபிப்பிராயத்தைக் கேட்கிறார். பெயர் கேட்பதும் அப்படித்தான்: 'காக் வாஸ் ஸவூத்?', அதாவது 'உங்களை எப்படிக் கூப்பிடுவார்கள்?' ஒரு சாமானைக் காட்டி 'இதற்கு என்ன பெயர்?' என்று கேட்பதற்கும் 'காக்' தான். ஆங்கிலத்தில் இவை எல்லாம் 'வட்' ஆகிவிடும். மறுபக்கம், 'வட் இஸ் ஹீ லைக்?' என்று ஆங்கிலத்தில் கேட்டால் 'ஆள் எப்படிப்பட்டவர்?' என்று அர்த்தம், ரஷ்ய மொழியில் 'ககோய் ஓன்?' 'வட் டஸ் ஹீ லுக் லைக்?' என்றால் தோற்றம், 'காக் ஓன் வீக்ளிதித்?' 'ஹவ் இஸ் ஹீ?' என்றால் சுகமா என்ற கேள்வி, 'காக் ஓன்?' மூன்றையும் தமிழில் 'ஆள் எப்படி?' என்று ஒரே வீச்சில் கேட்டுவிடுகிறோம். இந்த இடத்தில் மட்டும் தமிழை நம்பிப் போனால் வழி தவறிவிடும். எதைக் கேட்கிறார் என்று ஒரு கணம் நின்று பாருங்கள்.

சரி, உங்கள் காலைச் சாப்பாட்டுக்கு வருவோம். விருந்தினர் கேட்டது 'வி நே பத்ஸ்காஷெதெ, வ ஸ்கோல்கா ஸாஃப்த்ரக்?' என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் 'நே' என்பது எதிர்மறை. நீங்கள் சொல்லுக்குச் சொல் வைத்து 'வோன்ட் யூ டெல் மீ வட் டைம் இஸ் பிரேக்ஃபஸ்ட்?' என்றீர்கள். ஆங்கிலத்தில் அது 'எனக்குச் சொல்லவே மாட்டீர்களா?' என்று சண்டைக்கு வருகிற தொனி. மனேஜர் பயந்ததில் நியாயம் இருக்கிறது.

ரஷ்ய மொழியில் முன்பின் தெரியாதவரிடம் ஒன்று கேட்கும்போது 'இல்லை' என்பதைக் கேள்விக்குள்ளேயே வைத்துவிடுவார்கள். 'உங்களுக்குத் தெரியாமலும் இருக்கலாம், முடியாமலும் இருக்கலாம், பரவாயில்லை' என்று மறுப்பதற்கு ஒரு வாசலைத் திறந்து வைக்கிற மரியாதை அது. 'உ வாஸ் நே பூதெத் ரூச்கி?' என்றால் சொல்லளவில் 'உங்களிடம் பேனா இருக்காதா?' என்று வரும். ஆங்கிலத்தில் 'டோன்ட் யூ ஹவ் எ பென்?' என்று மாற்றினால், ஒரு பேனாகூட இல்லாமல் இங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்ட மாதிரி இருக்கும். 'டு யூ ஹவ் எ பென் ஐ குட் பொரோ?' என்பதுதான் சரி. உங்கள் விருந்தினருக்கு 'குட் யூ டெல் மீ வட் டைம் பிரேக்ஃபஸ்ட் இஸ்?' ரஷ்யர் 'நே' போட்டு மெதுவாக்குவதை ஆங்கிலேயர் 'குட்', 'வுட்' போட்டு மெதுவாக்குகிறார்கள். நாங்கள்? யாழ்ப்பாணத்து ஆட்கள் 'தெரியுமா?' என்று கேட்காமல் 'தெரியுமோ?' என்று கேட்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒரு 'ஓ' போதும், கேள்வி மெத்தென்று ஆகிவிடும். ரஷ்ய 'நே' வந்தால் அந்த 'ஓ'வை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. எதிர்மறையோடு 'ஷ்தோ' சேர்ந்துவிட்டால் கதை மாறிவிடும். 'வி நே ஸ்னாயெதெ...' என்று தொடங்கினால் 'உங்களுக்குத் தெரியுமோ' என்ற மரியாதை. 'வி ஷ்தோ, நே ஸ்னாயெதெ?' என்றால் 'என்ன, உங்களுக்குத் தெரியாதா?' என்ற அதட்டல். தமிழில் முன்னால் வருகிற அந்த 'என்ன,' எப்படிச் சுடுமோ, அந்த 'ஷ்தோ'வும் அப்படியே சுடும். இதைக் கேட்டால் மனேஜர் பயப்படலாம்.

இனி, தமிழ் நேரடியாகக் கைகொடுக்கும் இடங்கள். இவற்றை எனக்கு எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை. எங்கள் மொழி ஆசிரியைக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்கு அப்போது அவ்வளவு ரஷ்ய மொழி தெரியாது.

முதலாவது, 'வரவா?' என்ற கேள்வி. 'நான் நாளைக்கு வரவா?', 'ஜன்னலைப் பூட்டவா?', 'உதவி செய்யவா?' என்று கேட்கிறோம் அல்லவா. 'வர', 'பூட்ட', 'செய்ய' என்ற எச்சத்தோடு ஒரு 'ஆ' மட்டும். ரஷ்ய மொழியிலும் அச்சொட்டாக அப்படித்தான். வினைச்சொல்லின் அடிப்படை வடிவத்தை அப்படியே எடுத்துக் குரலை உயர்த்தினால் கேள்வி. 'அக்னோ ஸக்ரீத்?' என்றால் 'ஜன்னலைப் பூட்டவா?' 'வாம் பமோச்?' என்றால் 'உங்களுக்கு உதவி செய்யவா?' ஆங்கிலத்தில் இதற்கு 'ஷால் ஐ குளோஸ் த விண்டோ?', 'கேன் ஐ ஹெல்ப் யூ?' என்று ஆளை, துணைவினையை எல்லாம் கொண்டுவந்து வைக்க வேண்டும். ஆங்கிலத்திலிருந்து போகும்போது எங்கள் பிள்ளைகள் 'ஷால் ஐ' என்பதற்கு ரஷ்யச் சொல் தேடி அலைகிறார்கள். தேட வேண்டாம், 'பூட்டவா?' என்று நினைத்தால் போதும்.

இரண்டாவது, 'எடுத்தீங்களா'வும் 'எடுத்திட்டீங்களா'வும். ரஷ்ய வினைச்சொற்கள் சோடி சோடியாக வரும், ஒன்று செயலை மட்டும் சொல்லும், மற்றது செய்து முடித்ததைச் சொல்லும். படிக்கும் எல்லோரையும் அழவைக்கிற பகுதி இதுதான். 'வி ஸ்வனீலி?' என்றாலும் 'வி பஸ்வனீலி?' என்றாலும் அகராதியில் 'கோல் எடுத்தீர்களா?' தான். வித்தியாசம் ஒரு 'ப'. ஆனால் யோசித்துப் பாருங்கள். உங்கள் போனில் தவறிய அழைப்பு ஒன்று கிடக்கிறது, திருப்பி எடுத்து என்ன கேட்பீர்கள்? 'எனக்குக் கோல் எடுத்தீங்களா?' என்று. 'எடுத்திட்டீங்களா?' என்று ஒருநாளும் கேட்க மாட்டீர்கள். அங்கே 'ஸ்வனீலி', ஆங்கிலத்தில் 'டிட் யூ கோல் மீ?' டிரைவருக்கு எடுத்துச் சொல்லும்படி காலையில் சொல்லிவிட்டுப் போன விருந்தினர் மத்தியானம் வந்து கேட்கிறார்: 'டிரைவருக்கு எடுத்திட்டீங்களா?' அங்கே 'பஸ்வனீலி', ஆங்கிலத்தில் 'ஹவ் யூ கோல்ட் த டிரைவர் யெட்?' சொன்ன வேலை முடிந்ததா என்ற எதிர்பார்ப்பு அந்த 'ப'வில் இருக்கிறது, எங்கள் 'இட்ட'வில் இருக்கிறது, ஆங்கிலத்தில் 'ஹவ்', 'யெட்' இரண்டுக்கும் நடுவில் பரவிக் கிடக்கிறது. ரஷ்ய வினைகள் எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கு சரிவரும் என்று சொல்ல மாட்டேன். கேள்விகளில் பெரும்பாலும் சரிவரும்.

மூன்றாவது, கேள்வி எந்தச் சொல்லில் உட்காருகிறது என்பது. 'நாளைக்குக் கண்டிக்குப் போறீங்களா?', 'நாளைக்கா கண்டிக்குப் போறீங்க?', 'நாளைக்குக் கண்டிக்கா போறீங்க?' இந்த மூன்றும் ஒன்றில்லை என்று ஒரு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 'ஆ' எங்கே போய் ஒட்டுகிறதோ அதுதான் சந்தேகம். ரஷ்யர் சொல் வரிசையை மாற்றாமலே 'வி ஸாஃப்த்ரா யெதெதெ வ் காண்டி?' என்பார்கள், சந்தேகம் உள்ள சொல்லில் குரல் சட்டென்று ஏறி இறங்கும். 'ஸாஃப்த்ரா'வில் ஏறினால் 'நாளைக்கா?', 'காண்டி'யில் ஏறினால் 'கண்டிக்கா?' வசனத்தின் கடைசியில் குரல் ஏறும் என்று காத்திருந்தால், அது கேள்வி என்றே உங்களுக்குத் தெரியாமல் போகலாம். இதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது எல்லாவற்றுக்கும் 'ஆர் யூ கோயிங் டு காண்டி டுமோரோ?' என்று ஒரே அச்சில் ஊற்றிவிடாதீர்கள். 'இஸ் இட் டுமோரோ யூ ஆர் கோயிங்?' என்று சந்தேகத்தை வெளியே எடுத்து வையுங்கள். டிரைவர் வான் கொண்டுவர வேண்டிய நாளே இதில் பிழைத்துப் போகலாம்.

'தானே'யும் இருக்கிறது. 'நீங்கள் வாறீங்கதானே?' என்றால் ரஷ்ய மொழியில் 'வி ஷெ ப்ரித்யோதெ?' அந்த 'ஷெ' எங்கள் 'தானே'. ஆங்கிலத்தில் 'யூ ஆர் கமிங், ஆரன்ட் யூ?'

இன்னொன்று, 'இருக்கா' போடுவதும் போடாமல் விடுவதும். 'உ வாஸ் யெஸ்த் க்ராதுஸ்னிக்?' என்றால் 'உங்களிடம் தேர்மாமீற்றர் இருக்கா?' 'உ வாஸ் தெம்பெரதூரா?' என்றால் 'உங்களுக்குக் காய்ச்சலா?' இரண்டாவதில் 'இருக்கு' என்ற பொருள் தரும் 'யெஸ்த்' கிடையாது, தமிழிலும் 'காய்ச்சலா?' என்றே கேட்டுவிடலாம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'டு யூ ஹவ்' தான். தெம்பெரதூரா என்று வந்தால் வெப்பநிலையை நினைக்காதீர்கள், காய்ச்சல்.

வருத்தம் என்று வந்ததால் ஆஸ்பத்திரிக் கேள்விகளையும் சொல்லிவிடுகிறேன், ஒருநாள் உங்களையும் கூட்டிக்கொண்டு போவார்கள். கடலில் பலகைச் சவாரி செய்து விழுந்த ஒரு பெடியனோடு நான் கொழும்பில் ஒரு டொக்டரிடம் போனேன். டொக்டர் தமிழர், எங்களோடு என்றால் 'என்ன செய்யுது?' என்று தொடங்குவார். இந்த 'என்ன செய்யுது?'வை ஆங்கிலத்தில் 'வட் இஸ் இட் டூயிங்?' என்று யாராவது சொல்வார்களா? 'வட் ஸீம்ஸ் டு பி த ப்ரொப்ளம்?' என்பார்கள். ரஷ்ய டொக்டர்கள் கேட்பது 'ந ஷ்தோ ஷாலுயெதெஸ்?' சொல்லளவில் 'எதைப் பற்றி முறையிடுகிறீர்கள்?' அதை 'வட் ஆர் யூ கம்ப்ளெய்னிங் அபௌட்?' என்று ஆங்கிலத்தில் கேட்டால் நோயாளி மனம் நொந்து போவார். நான் அன்று ரஷ்ய மொழியில் 'ஷ்தோ வாஸ் பெஸ்பகோயித்?' என்று கேட்டேன், 'உங்களை வருத்துவது என்ன?' என்று அர்த்தம், இதுவும் அங்கே வழக்கமான கேள்விதான். 'வேர் டஸ் இட் ஹர்ட்?' என்று டொக்டர் கேட்டதும் 'க்தே பலீத்?' அப்புறம் 'ஹவ் லோங் ஹவ் யூ ஹாட் த பெயின்?' என்ற நீண்ட கேள்வி. அதற்கு ரஷ்ய மொழியில் ஒரே சொல்: 'தவ்னோ?' எங்கள் 'கன நேரமா?', 'கன நாளா?' தான். இப்படி ஒரு சொல்லில் முடிவதை வலிந்து நீட்டாதீர்கள். நோவில் இருப்பவனுக்குச் சின்னக் கேள்விதான் காதில் ஏறும்.

பதிலே தலைகீழாகும் கேள்விகள் ஆபத்தானவை. ரெஸ்டோரன்ட்டில் காலியான கதிரையைக் காட்டி ரஷ்யர் 'ஸ்தேஸ் ஸ்வபோத்னா?' என்பார், 'இது காலியா?' என்று. நாங்கள் பஸ்ஸில் கேட்பது 'இதில ஆள் இருக்கா?' ஆங்கிலமும் அதேபோல 'இஸ் திஸ் ஸீட் டேக்கன்?' இப்போது ஒருவர் ரஷ்ய மொழியில் கேட்க, நீங்கள் அதை ஆங்கில வழக்கில் மாற்றிச் சொல்ல, அடுத்த மேசைக்காரர் 'நோ' என்கிறார். அந்த 'நோ'வை 'நியெத்' என்று திருப்பிச் சொன்னால் விருந்தினர் கதிரையை விட்டுவிட்டு நடந்துவிடுவார். பதிலையும் கேள்வியோடு சேர்த்துத் திருப்ப வேண்டும்: 'தா, ஸ்வபோத்னா.' 'வுட் யூ மைன்ட் இஃப் ஐ ஓப்பன் த விண்டோ?' என்பதிலும் இதே பொறி. ரஷ்ய மொழியில் 'வி நே ப்ரோதிஃப், யெஸ்லி யா அத்க்ரோயு அக்னோ?' ஆங்கிலத்தில் 'நோ' சொன்னால் திறக்கலாம் என்று அர்த்தம். ரஷ்யர் 'நியெத்' என்றும் சொல்லலாம், 'தா, கனேஷ்னா' என்றும் சொல்லலாம், இரண்டுக்கும் 'திறவுங்கள்' என்றுதான் அர்த்தம். அதனால் ஆம், இல்லை என்பதை மட்டும் கொண்டுபோகாமல் 'ப்ளீஸ் டு', 'திறவுங்கோ' என்று செயலையும் சேர்த்துக் கொண்டுபோங்கள்.

இனி ஆங்கிலத்திலிருந்து ரஷ்ய மொழிக்கு. அந்த அம்மா ஏன் திகைத்தார்? 'காக் வி ஸிவோத்னியா?' என்று கேட்டிருக்கிறீர்கள். நேற்றுவரை சுகமில்லாமல் கிடந்தவரிடம் 'இண்டைக்கு எப்படி?' என்று கேட்கிற கேள்வி அது. ஆங்கிலத்தில் 'ஹவ் ஆர் யூ?' கடைக்காரரும் கேட்பார், லிஃப்ட்டில் வருபவரும் கேட்பார். அது வணக்கத்தின் வால். ரஷ்யருக்கு 'காக் தெலா?' தெரிந்தவரிடம் கேட்கிற உண்மையான கேள்வி, அறிமுகமில்லாத விருந்தினரிடம் அதைக் கேட்க மாட்டார்கள். மனேஜர் 'ஹவ் ஆர் யூ டுடே, மெடம்?' என்று சொன்னால் நீங்கள் 'ஸ்த்ராஸ்த்வுய்தெ' என்று வணக்கம் சொல்லிவிட்டு, அந்த நேரத்துக்குப் பொருத்தமானதைக் கேளுங்கள். விமான நிலையத்திலிருந்து வந்து இறங்கியவரிடம் 'காக் தல்யெதேலி?', பயணம் எப்படி என்று. காலையில் கீழே வந்தவரிடம் 'காக் ஸ்பலோஸ்?', 'நித்திரை வந்துதா?' கவனியுங்கள், தமிழில் நித்திரை தானாக வருகிறது, ரஷ்ய மொழியிலும் தூக்கம் தானாக நடந்த மாதிரித்தான் வினை அமைகிறது. மூன்று நாள் தங்கியவரிடம் 'காக் வாம் ஷ்ரீ லான்கா?' இப்படிக் கேட்டுப் பாருங்கள், முகம் மலர்ந்து பத்து நிமிடம் பேசுவார்கள். 2023 இல் இந்தியர்களுக்கு அடுத்தபடியாக இங்கே அதிகம் வந்தவர்கள் ரஷ்யர்கள்தான். ஆங்கிலம் தெரியாமல் அறைக்குள் முடங்கிக் கிடப்பவர்கள் அவர்களில் பலர். தங்கள் மொழியில், தங்கள் வழக்கத்தில் ஒரு கேள்வி வந்தால் அவர்களுக்கு எவ்வளவு ஆறுதல் என்று நான் பார்த்திருக்கிறேன்.

'மெடம்', 'சேர்' இரண்டையும் ரஷ்ய மொழிக்குக் கொண்டுபோக வேண்டாம். அன்றாடப் பேச்சில் அதற்குச் சமமான சொல் இல்லை, 'வி' என்ற 'நீங்கள்' அந்த மரியாதை முழுவதையும் சுமக்கும். ஆங்கில 'யூ'வைப் பார்த்து 'தி'யா 'வி'யா என்று திணறாதீர்கள், 'நீ'யா 'நீங்கள்'ஆ என்று உங்களுக்கே தெரியும். எழுத்தில் ஒருவருக்கு மரியாதையாக எழுதும்போது 'வி'யின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகப் போடுவார்கள், வட்ஸ்அப் செய்தியிலும் போட்டால் நல்லது. 'வி' போடுவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. 'களைத்துவிட்டீர்களா?' என்று ரஷ்ய மொழியில் 'தி' போட்டுக் கேட்டால் ஆணுக்கு 'உஸ்தால்', பெண்ணுக்கு 'உஸ்தாலா'. 'வி' என்றால் இருவருக்கும் 'உஸ்தாலி'. ஆனால் உங்களைப் பற்றிச் சொல்லும்போது தப்ப முடியாது. 'ஐ வோன்டட் டு ஆஸ்க்' என்பதை நீங்கள் 'யா ஹதேல் ஸ்ப்ரஸீத்' என்பீர்கள், உங்களோடு வேலை செய்யும் தங்கச்சி 'யா ஹதேலா' என்றுதான் சொல்ல வேண்டும். போனில் உள்ள மொழிபெயர்ப்புச் செயலிகள் இதில் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன், ஒரு பெண் பிள்ளை ஆணாகப் பேசிவிடுவாள்.

இதற்கு மறுபக்கம், ரஷ்யர் 'ஸக்ரோய்தெ, பஜாலுஸ்தா, அக்னோ' என்று ஏவலாகச் சொன்னால் அது மரியாதைக் குறைவில்லை. 'ஜன்னலைக் கொஞ்சம் பூட்டுங்கோ' என்பதுதான் அது. 'குளோஸ் த விண்டோ, ப்ளீஸ்' என்று நீங்கள் வறட்டாகக் கொண்டுபோனால் அவர் அதிகாரம் பண்ணுகிற ஆளாகிவிடுவார். 'குட் யூ குளோஸ் த விண்டோ, ப்ளீஸ்?' என்று கேள்வியாக மாற்றிக்கொடுங்கள். பரிமாறும் பிள்ளையை 'தேவுஷ்கா!' என்று கூப்பிட்டாலும் பதறாதீர்கள். சொல்லுக்கு 'இளம்பெண்' என்று பொருள், ஆனால் வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடையில் 'தங்கச்சி!' என்று கூப்பிடுகிற மாதிரித்தான். ஆங்கிலத்தில் 'எக்ஸ்க்யூஸ் மீ'. 'மோஷ்னா?' என்ற ஒற்றைச் சொல்லுக்கு உள்ளே வரலாமா, இருக்கலாமா, எடுக்கலாமா என்று எல்லாம் அர்த்தம். அவருடைய கையும் கண்ணும் எங்கே போகிறது என்று பார்த்து ஆங்கில வினையை நீங்கள் போடுங்கள்.

இரண்டு சின்ன விஷயம். நீங்கள் 'நாளைக்கு ஓய்வா?' என்று கேட்க, அவர் 'தா, அ ஷ்தோ?' என்றால் 'யெஸ், அண்ட் வட்?' என்று சவால் விடவில்லை. 'ஓம், ஏன்?' என்கிறார். ஆங்கிலத்தில் 'யெஸ், வை?' மற்றது, வரிசை. ரஷ்யர் கிளினிக்கிலோ அலுவலகத்திலோ போய் முதலில் கேட்பது 'க்தோ பஸ்லேத்னிய்?', 'கடைசி ஆள் யார்?' என்று. அந்த ஆளைத் தெரிந்துகொண்டால் எங்காவது உட்கார்ந்துவிடலாம், முறை கெடாது. 2022 இல் பெற்றோலுக்கு நின்ற கொழும்பு ஆட்களுக்கு இந்தக் கேள்வியை நான் விளக்கவே தேவையில்லை. ஆங்கிலத்தில் 'இஸ் திஸ் த எண்ட் ஒஃப் த கியூ?' என்று கேட்டால் போதும்.

பழகுவதற்கு ஒரு வழி கேட்டிருந்தீர்கள். ஒரு சின்னக் கொப்பியில் இடப் பக்கம் தமிழில் சந்தர்ப்பத்தை எழுதுங்கள், 'கதிரை காலியா என்று கேட்கும்போது' என்கிற மாதிரி. வலப் பக்கம் ரஷ்யர் வாயால் கேட்டதையும், ஆங்கிலம் பேசுகிறவர் வாயால் கேட்டதையும் அப்படியே எழுதுங்கள். நீங்களாக மொழிபெயர்த்து எழுத வேண்டாம், காதால் கேட்டது மட்டும். நாளுக்கு இரண்டு கிடைத்தாலும் மூன்று மாதத்தில் உங்களுக்கு வேண்டிய கேள்விகளில் பாதிக்கு மேல் வந்துவிடும், வரவேற்பு மேசையில் கேட்பவை திரும்பத் திரும்ப ஒன்றேதான்.

கடைசியாக, 'தலெகோ ஸப்ராலிஸ்?' சொல்லளவில் 'தூரமாகப் போக ஆயத்தமோ?' ரஷ்யாவில் வெளிக்கிட்டு நிற்பவரைப் பார்த்து 'குதா?', அதாவது 'எங்கே?' என்று கேட்பது ஆகாது என்று வயதானவர்கள் இன்னும் சொல்வார்கள், போகிற காரியம் கைகூடாதாம். அதனால் 'தூரமோ?' என்று கேட்பார்கள். என் அம்மம்மாவும் படியிறங்குகிறவரை 'எங்க போறாய்?' என்று கேட்க விடமாட்டா, 'தூரமோ?' என்றுதான் கேட்க வேண்டும். மாஸ்கோ விடுதியில் காவலுக்கு இருந்த கிழவி முதல் தடவை என்னிடம் 'தலெகோ?' என்று கேட்டபோது எனக்கு ஊர் ஞாபகம் வந்து கண் கலங்கியது. ஆங்கிலத்தில் இதற்கு 'ஓஃப் ஸம்வேர்?' என்றால் போதும், தூரத்தைக் கொண்டுபோக வேண்டாம். அந்த அம்மா உங்கள் பயணத்தைத் துருவவில்லை, நல்லபடி போய் வரட்டும் என்று மனதில் வைத்துத்தான் அப்படிக் கேட்டிருக்கிறார். இன்னும் அவர் தங்கியிருந்தால், அடுத்த தடவை கேட்கும்போது 'நியெத், தமோய்' என்று சொல்லுங்கள். 'இல்லை, வீட்டுக்குத்தான்.'